அனுமதிக்கப்பட்ட பிழை

பித்தளை எடைக்கற்களை
வெறுங்கையால் தொடக் கூடாது.
விரலின் எண்ணெய்க்கும் எடை உண்டு.
வேலைக்குச் சேர்ந்த அன்று சொன்னார்கள்.
இருபத்திரண்டு வருடமாகக் கையுறை மாட்டிக்கொண்டு
பைசாந்து நகரத்துச் சந்தைகளில்
தராசுகளைச் சோதித்து வருகிறேன்.

நீலத்துணிப் பெட்டிக்குள் பதினொரு கற்கள்.
பெரியது ஐந்து கிலோ.
சின்னது, தும்மினால் தேட வேண்டும்.
மீன்காரர் ஒலெகாரியோ என்னைக் கண்டதும்
கட்டைவிரலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார்.
அந்த விரலின் எடை எனக்குத் தெரியும்:
நாற்பது கிராம்,
வெள்ளிக்கிழமைகளில் அறுபது.

ஏபர் வீட்டைவிட்டுப் போன வருடம்
ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினேன்.
கோடு போட்டு, கட்டம் கட்டி.
காலை ஆறுக்கு ஆற்றோர நடை.
உப்புக் குறைவு, சர்க்கரை கிடையாது.
போர்த்துகீசியப் பாடம் இருபது நிமிடம்.
பத்துக்கு விளக்கணைப்பு.
ஞாயிறு ஏழுக்கு நவுவேலுக்கு ஃபோன்.
மகனும் ஒரு கட்டம்,
பேசி முடித்ததும் ஒரு டிக்.
அவன் ஒருமுறை கேட்டான்,
"டிக் போட்டாச்சாம்மா?"
சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.
நான் பேனாவை மூடினேன்,
சத்தம் வராமல்.

ஜூலை மாதம். தென்மேற்கிலிருந்து பம்பேரோ காற்று.
சுல்மாவின் கமலாப்பழக் கடையில்
முள் நிற்கவே இல்லை.
மூன்று பக்கமும் தார்ப்பாய் இழுத்துக் கட்டியும்
இடம் போகிறது, வலம் வருகிறது,
உள்ளே வரவா வெளியே போகவா என்று
வாசற்படியில் யோசிக்கும் பூனையைப் போல.
"கெட்டுப் போச்சா?"
அவள் முகம் வெளுத்திருந்தது.
காற்று, என்றேன். அடங்கட்டும்.
"அப்ப உக்காருங்க."
காலிக் கூடையைக் கவிழ்த்துத் தள்ளினாள்.
ஃபிளாஸ்கிலிருந்து மத்தே ஊற்றிக் கொடுத்தாள்,
பற்கூச வைக்கும் தித்திப்பு.
குடித்தேன்.
கேஸ் சிலிண்டர் விலை, அவள் காலின் நரம்புச் சுருட்டு,
மகளின் புதிய காதலன், அவன் பல்வரிசை.
நாற்பத்தைந்து நிமிடம்.
என் அலுவலகப் பதிவேட்டில் அந்தக் காலை
இன்னும் ஓட்டையாகத்தான் கிடக்கிறது.

அடுத்தது சீஸ் விற்கும் எல்பியோ.
அதே காற்று. அவர் தராசின் முள்
பூஜ்யத்தில் அசையாமல் நின்றது.
"பாத்தீங்களா, சிப்பாய் மாதிரி."
நூறு கிராம் வைத்தேன். சிப்பாய்.
இருநூறு. சிப்பாய்.
அரைக் கிலோவில் கிறீச்சென்று ஒரு முனகல்.
திறந்தால் உள்ளே
சுருள்கம்பி முழுக்கத் துரு.
சிவப்பு முத்திரை ஒட்டினேன்.
ஒட்டும்போது கை நடுங்கியது.
குளிர் என்று எல்பியோ நினைத்திருப்பார்.

எங்கள் விதிப்புத்தகத்தின் கடைசியில் ஒரு பட்டியல் உண்டு:
எத்தனை கிலோத் தராசுக்கு
எத்தனை கிராம் பிழை பொறுக்கலாம் என்று.
மனப்பாடம்தான் எனக்கு.
அன்றிரவு அதைக் கதை படிப்பதுபோலப் படித்தேன்.
யாரோ ஒருவர், ஏதோ ஓர் அலுவலகத்தில்,
ஒருவேளை மழை பெய்துகொண்டிருந்தபோது,
இந்த ஐந்து கிராமை விட்டுக் கொடுத்திருக்கிறார்.
அந்த ஐந்து கிராமில்தான்
சந்தையே பிழைக்கிறது.

தாளைக் கிழிக்கவில்லை.
கிழிப்பதெல்லாம் நாடகத்துக்குச் சரி.
நடை தொடர்கிறது, போர்த்துகீசியமும்,
இறந்தகாலத்தில் மட்டும் இன்னும் தடுக்கி விழுகிறேன்.

போன ஞாயிறு மழை.
மழை பெய்தால் இந்த ஊரில்
வீட்டுக்கு வீடு ரொட்டி பொரியும்.
மாவு பிசைந்தேன், உப்பு கொஞ்சம் தாராளமாக,
எண்ணெய் காய்ந்தது, கடிகாரத்தைப் பார்க்க மறந்தேன்.
எட்டு பத்துக்கு ஃபோன் அடித்தது.
"என்னாச்சு? ஏன் கூப்பிடல?"
நவுவேல் குரலில் பதற்றம்,
அதற்கடியில் வேறு ஏதோ, எடை போட முடியாதது.
ஒண்ணுமில்லடா, ரொட்டி கருகுது, இரு, வைக்காதே
என்று கத்தினேன்.
ஃபோன் முழுக்க மாவும் எண்ணெயும்,
என் பத்து விரலின் அச்சும்.